எலுமிச்சம்பழம் தாங்குமா?

பாம்பன் கடலில் தூக்குப்பாலம் எழும்புகிறது. பக்கத்துச் சாலைப் பாலத்தின் மீது வண்டியை நிறுத்திவிட்டு மக்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். குழந்தையைத் தோளில் ஏற்றிக் காட்டுகிறான் தகப்பன். சுமார் 660 டன் எடையுள்ள எஃகுப் பாலம், 72.5 மீட்டர் நீளம், 17 மீட்டர் உயரத்துக்கு அலுங்காமல் குலுங்காமல் எழுகிறது. கப்பல் கடக்கிறது. கை தட்டுகிறார்கள். தட்டட்டும். தட்டத்தான் வேண்டும். அறிவின் ஆற்றலுக்குக் கிடைக்கும் கைதட்டல் அது.

ஆனால் தோழர்களே, அந்தக் கோபுரத்தின் உச்சியில் கப்பிகள் இருக்கின்றன. அந்தக் கப்பிகளின் மீது இரும்பு வடங்கள் ஓடுகின்றன. வடத்துக்குக் கிரீஸ் பூச வேண்டும். கப்பியின் அச்சைச் சோதிக்க வேண்டும். துருவைச் சுரண்ட வேண்டும், வண்ணம் அடிக்க வேண்டும், மரையை முடுக்க வேண்டும். இதையெல்லாம் யார் செய்வது? தேவர்களா? கின்னரர்களா? கையில் ஸ்பேனரும் தோளில் கிரீஸ் டப்பாவுமாக ஒரு மனிதன் ஏறியாக வேண்டும். பாலம் எழும்போது கை தட்டுகிறோம். அவன் விழுந்தால் என்ன சொல்கிறோம்?

‘விதி’ என்கிறோம்!

இரண்டே எழுத்தில் முடித்துவிடுகிறோம் ஒரு குடும்பத்தின் வாழ்வை. பொறியாளரின் கணக்கும் ஒப்பந்தக்காரரின் கஞ்சத்தனமும் மேற்பார்வையாளரின் மெத்தனமும் அந்த இரண்டு எழுத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கின்றன. அந்தத் திரையைக் கிழிப்பதே இக்கட்டுரையின் வேலை.

இராமேசுவரம் கரையில் பாலம் என்று சொன்னாலே பக்தர்க்கு நினைவு வருவது குரங்குகள் கட்டிய பாலம். கல்லின் மீது பெயரை எழுதினார்களாம், கல் மிதந்ததாம். அணில் மணல் சுமந்ததாம். அந்தக் கதையின் பெயரால், சேதுக் கால்வாய்த் திட்டத்துக்கு 2007-இல் உச்சநீதிமன்றத்தில் தடை வாங்கினார்கள். அதே ஆண்டில், இராமர் எந்தப் பொறியியல் கல்லூரியில் படித்தார் என்று கலைஞர் கேட்டபோது வடநாடே கொதித்தது. கேள்விக்கு விடை மட்டும் வரவே இல்லை.

கதையிலே கட்டிய பாலத்தில் ஒரு குரங்குகூடக் கால் தவறி விழவில்லை, கவனித்தீர்களா? கதையில் யாரும் விழமாட்டார்கள். அங்கே எடை இல்லை, காற்று இல்லை, களைப்பு இல்லை, கூலி பாக்கியும் இல்லை. கடலிலே கட்டிய பாலத்தின் வரலாறு வேறு.

1914 பிப்ரவரியில் திறக்கப்பட்டது பழைய பாம்பன் பாலம். அதன் நடுவிலே செர்சர் என்னும் அமெரிக்கப் பொறியாளரின் முறைப்படி அமைந்த தூக்குப் பகுதி. இரு கைகளை விரித்தாற்போல இரு பக்கமும் எழும் அந்த அமைப்பை, நூறு ஆண்டுக்கு மேலாக, தொழிலாளர்கள் நெம்புகோலைத் தள்ளித் தள்ளிக் கையாலேயே திறந்தார்கள், கையாலேயே மூடினார்கள். கப்பல் கடந்ததெல்லாம் அவர்களுடைய தோள் வலிமையால்.

1964 டிசம்பர் 22 நள்ளிரவு. புயல் வந்தது. தனுசுக்கோடி அழிந்தது. பயணிகளோடு ஓர் இரயிலே கடலுக்கு இரையாயிற்று. பாம்பன் பாலத்தின் இரும்பு உத்திரங்களில் 126 அடித்துச் செல்லப்பட்டன. தீர்த்தமாடப் போனவரைத் தீர்த்தம் காக்கவில்லை. பிறகு பாலத்தை நிமிர்த்தியது எது? கடலடியில் கிடந்த உத்திரங்களைத் தேடி எடுத்தார்கள், பொறியாளர் சிறீதரன் தலைமையில் 46 நாட்களில் பாலத்தை மீட்டார்கள். மீனவரின் கடலறிவும் பொறியாளரின் கணக்கும் தொழிலாளியின் உழைப்பும் கூடிச் செய்த செயல் அது. மிதந்த கல் ஒன்றுகூட அங்கே தேவைப்படவில்லை!

அந்தப் பழைய பாலம் 2022 டிசம்பரில் ஓய்வு பெற்றது. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் திறக்கப்பட்டது. நாளைப் பார்த்தீர்களா? இராமநவமி! அறிவியல் பெற்ற பிள்ளைக்கு ஆன்மிகம் பெயர் சூட்டிவிட்டது. போகட்டும். நாள் பார்த்துத் திறந்தார்களே, திறந்த அன்றே தூக்குப் பகுதியை இறக்குவதில் கோளாறு ஏற்பட்டதாக ஏடுகள் எழுதின. நல்ல நாள் அந்த எந்திரத்தை இறக்கித் தரவில்லை. கோளாற்றைச் சீர்செய்தவர்கள் தொழில் தெரிந்த மனிதர்கள்.

சரி, அந்த எந்திரத்தின் அருகே ஏறுபவனுக்கு என்னென்ன ஆபத்து? பூசாரியைக் கேட்காமல் இயற்பியலைக் கேட்போம்.

17 மீட்டர் உயரத்திலிருந்து விழும் மனிதன் தரையையோ நீரையோ தொட இரண்டு நொடிகூட ஆகாது. தொடும்போது அவன் வேகம் மணிக்கு சுமார் 65 கிலோமீட்டர். ‘முருகா’ என்று அழைத்து முடிப்பதற்குள் முடிந்துவிடும். பார்ப்பனனாயினும் பஞ்சமனாயினும், நெற்றியில் நீறிருந்தாலும் நாமமிருந்தாலும் புவியீர்ப்புக்கு ஒரே கணக்கு. அவன் கையிலிருந்து நழுவும் ஸ்பேனரும் அதே வேகத்தில்தான் கீழே நிற்பவன் தலைக்கு வரும்.

விழுவது மட்டுமா ஆபத்து? தூக்குப்பாலம் என்பது ஒரு தராசு. ஒரு தட்டிலே பாலம், மறு தட்டிலே எதிர் எடை. பாலம் மேலே வந்தால் எதிர் எடை கீழே இறங்கும். இரண்டுக்கும் இடையில் சிக்கிய உடல் நசுங்கும். வடத்துக்கும் கப்பிக்கும் இடையில் அகப்பட்ட கை திரும்ப வராது. மேலே ஆள் இருப்பது தெரியாமல் கீழே ஒருவர் பொத்தானை அழுத்தினால் போதும்.

காற்று வேறு. பாம்பன் காற்று தென்றல் அன்று. காற்றின் வேகத்தை அளந்து, வரம்பைத் தாண்டினால் இரயிலை நிறுத்தும் கருவி பழைய பாலத்திலேயே இருந்தது. பல டன் எடையுள்ள வண்டியையே நிறுத்தும் காற்றில், 60 கிலோ மனிதனை மேலே நிறுத்தி வைக்கலாமா?

இவற்றைவிடக் கொடியது உப்பு. கடற்காற்றின் உப்பு இரும்பைத் தின்னும். பாலத்தை மட்டும் தின்னாது. ஏணியின் படியை, கைப்பிடிக் கம்பியை, பாதுகாப்புப் பெல்ட்டின் கொக்கியைக்கூடத் தின்னும். வெயில் பெல்ட்டின் நைலான் நாடாவை உளுத்துப்போகச் செய்யும். பார்வைக்குப் பெல்ட், பாரம் விழுந்தால் நூல்!

துருவின் கதையைக் குசராத்திலே கேளுங்கள். மோர்பி நகரின் தொங்குபாலம். பழுது பார்த்தாயிற்று என்று திறந்து நாலே நாள். 2022 அக்டோபர் 30 அன்று அறுந்து விழுந்தது. 135 பேர் மாண்டனர். ஒரு வடத்தின் 49 கம்பிகளில் 22 துருவேறிக் கிடந்ததை விசாரணைக் குழு கண்டது. அந்தப் பாலத்தைப் பராமரித்த நிறுவனத்தின் மேலாளர் ஒருவர் நீதிமன்றத்தில் என்ன சொன்னதாகச் செய்தி வந்தது தெரியுமா? ‘கடவுள் சித்தம்’ என்றாராம்!

பார்த்தீர்களா, கடவுள் எவ்வளவு நல்ல வக்கீல்! கட்டணம் கேட்பதில்லை, குறுக்கு விசாரணைக்கு வருவதில்லை, குற்றவாளிக் கூண்டிலும் ஏறுவதில்லை. துருப்பிடித்த கம்பிக்குச் சித்தம் என்று பெயர். மாற்றாமல் விட்டவனுக்கு மேலாளர் என்று பெயர். மாண்டவனுக்கு? ‘போய்ச் சேர்ந்தான்’ என்று பெயர்!

நம் நாட்டுக்கு வருவோம். 2023 சனவரியில் அரக்கோணத்தை அடுத்த கீழ்வீதியில் கோயில் திருவிழா. சாமிக்கு மாலை போடக் கிரேனிலே ஆட்கள் தொங்கிச் சென்றார்கள். கிரேன் சாய்ந்தது. நாலு பேர் மாண்டனர். யாருக்கு மாலை போடச் சென்றார்களோ, அந்தச் சாமியின் கண் முன்னாலேயே! சரக்குத் தூக்கும் எந்திரத்தில் மனிதனைத் தொங்கவிடக் கூடாது. உறுதியான சமதளம் இல்லாத இடத்தில் கிரேனை இயக்கக் கூடாது. இவை தொழிலின் அரிச்சுவடிப் பாடங்கள். பக்தி வந்தது, பாடம் பறந்தது.

எந்தக் கிரேனை வேண்டுமானாலும் பாருங்கள். முகப்பிலே எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கும். ஆயுத பூசையன்று சந்தனமும் குங்குமமும் பளபளக்கும். திருட்டிப் பூசணி நடுத்தெருவில் சிதறும். எத்தனை டன் தூக்கலாம் என்று எழுதிய பலகை எங்கே என்று கேளுங்கள். சந்தனத்தின் அடியில் மறைந்திருக்கும்! வடத்தைக் கடைசியாகச் சோதித்த நாள் எது என்று கேளுங்கள். விழிப்பார்கள். பூசை போட்ட நாளைக் கேளுங்கள், திதியோடு சொல்வார்கள்!

எலுமிச்சம்பழம் எத்தனை கிலோ தாங்கும்? கேட்கிறோம். விழுகின்ற மனிதனைப் பிடித்து நிறுத்திய எலுமிச்சம்பழம் எந்த ஊரில் உண்டு?

பிடித்து நிறுத்துவது எது என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவிலே, சான்பிரான்சிசுகோ நகரில், 1933 முதல் 1937 வரை கோல்டன் கேட் பாலம் கட்டினார்கள். அதன் தலைமைப் பொறியாளர் சிட்ராசு, நம் பாம்பன் போலவே திறந்து மூடும் பாலங்கள் கட்டிப் பெயர் பெற்றவர். பத்து இலட்சம் டாலர் வேலைக்கு ஓர் உயிர் போகும் என்பது அந்நாளில் பாலம் கட்டுவோரின் வழக்கமான கணக்கு. அவர்கள் நாட்டிலும் சாவுக்கு ஒரு ‘விதி’ இருந்தது! சிட்ராசு அந்த விதியை ஏற்கவில்லை. பாலத்தின் அடியில் நெடுக வலை கட்டினார். வலை 19 பேரைத் தாங்கிப் பிடித்தது. அந்த 19 பேருக்கும் விதி என்னவாயிற்று? கயிற்றால் பின்னிய வலை, பிரமன் எழுதிய எழுத்தை அழித்துவிட்டதா? அல்லது எழுத்தே இல்லையா?

அதே பாலத்தில், 1937 பிப்ரவரியில் ஒரு சாரம் பெயர்ந்து விழுந்தது. அதன் பாரம் தாங்காமல் வலை கிழிந்தது. பத்துப் பேர் மாண்டனர். இதையும் மறைக்காமல் சொல்கிறோம். வலைக்கும் ஒரு தாங்கும் அளவு உண்டு. அளவு உள்ளது எதுவோ அதைத் திருத்தலாம், பெருக்கலாம், சோதிக்கலாம். அளவில்லாத அருளை என்ன செய்வது?

இந்த மடமை நமக்கே உரியது என்று எண்ண வேண்டாம். ஐரோப்பாவிலே இடி மின்னல் வந்தால் மாதா கோயில் மணியை அடிப்பார்கள், மணியோசைக்குப் பேய் ஓடும் என்று. உயர்ந்த கோபுரம், கையிலே ஈரக் கயிறு. மின்னல் எங்கே இறங்கும்? 33 ஆண்டுகளில் 386 கோபுரங்களை மின்னல் தாக்கியதையும், மணி அடித்தவர்களில் 103 பேர் செத்ததையும், 1784-இல் மியூனிக் நகரில் வெளியான நூலொன்று கணக்கெடுத்துச் சொன்னது. பிறகு பிராங்க்ளின் கண்ட இடிதாங்கிக் கம்பியைக் கோயில்களே கோபுரத்தில் ஏற்றிக்கொண்டன. இன்று இராமேசுவரம் போகும் பக்தர் கூட்டமும் இடிதாங்கியுள்ள கட்டிடத்தில்தான் அச்சமின்றி உறங்குகிறது. சாமிக்கு இடிதாங்கி வேண்டும்போது, தொழிலாளிக்கு இடுப்புக் கயிறு வேண்டாமா?

இங்கே ஒருவர் குறுக்கிடுவார். “பெல்ட் கொடுத்திருக்கிறோம் ஐயா, அவன்தான் போடுவதில்லை. படிப்பில்லாதவன், பொறுப்பில்லாதவன்.” எங்கும் கேட்கும் பாட்டு இது. பெல்ட் ஏன் போடவில்லை என்று அந்தத் தொழிலாளியை யாராவது கேட்டதுண்டா? கொடுத்த பெல்ட் அவன் உடலுக்குப் பொருந்துகிறதா? கொக்கியை மாட்டுவதற்கு மேலே உறுதியான இடம் உண்டா? மாட்டிக் கழற்றி மாட்டிச் சென்றால் வேலை தாமதமாகும், தாமதமானால் மேஸ்திரி கூலியைக் குறைப்பான் என்ற நிலை இல்லையா? மாட்ட இடமில்லாத பெல்ட், கட்டிக்கொண்டு விழுவதற்கு மட்டுமே உதவும்!

இன்னொன்றையும் கேளுங்கள். இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் விழும்போது முதுகெலும்பை முறிக்கும். தோளையும் தொடையையும் சேர்த்துத் தாங்கும் முழுவுடல் பெல்ட்டே வேண்டும். அதுவும் போதாது. பெல்ட்டில் தொங்கி உயிர் தப்பியவனை உடனே இறக்காவிட்டால், இரத்தம் கால்களில் தேங்கி, சில நிமிடங்களில் மயக்கம் வரும், மரணமும் வரலாம். ஆகவே தொங்குபவனை இறக்குவதற்குப் பயிற்சி பெற்ற ஆட்கள் அருகிலேயே வேண்டும். கடல் மீது வேலையென்றால் கீழே படகும் வேண்டும். பெல்ட்டை வாங்கி அலமாரியில் வைத்து, பெற்றுக்கொண்டதாகக் கைநாட்டு வாங்குவது பாதுகாப்பு ஆகாது. அது முதலாளிக்குப் பாதுகாப்பு!

பெல்ட் என்பதே கடைசி அரண். முதலில் கேட்க வேண்டியது, இந்த வேலைக்கு மேலே ஏறத்தான் வேண்டுமா, கீழே வைத்தே செய்ய முடியாதா என்பது. ஏறித்தான் ஆக வேண்டுமென்றால் தடுப்புக் கம்பியும் உறுதியான மேடையும். அதற்கு வழியில்லை என்றால் வலை. அதன் பிறகே பெல்ட். நம் நாட்டிலே வரிசை தலைகீழ். முதலில் பூசை, பிறகு பெல்ட், அதன் பிறகு பிணம், கடைசியில் விசாரணை!

சட்டம் இல்லையா? உண்டு. விழக்கூடிய உயரத்தில் வேலை செய்பவனுக்குத் தடுப்பு வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 32-ஆம் பிரிவே சொன்னது. கூடவே ‘இயன்றவரை’ என்னும் கருத்தையும் சேர்த்தது. அந்தச் சிறு சந்திலே பெரிய பெரிய முதலாளிகள் நுழைந்து வெளியேறினார்கள். கட்டுமானத் தொழிலாளருக்கென 1996-இல் தனிச்சட்டம் வந்தது. பழைய சட்டங்களை ஒன்றாய்க் கரைத்து 2020-இல் நாடாளுமன்றம் புதிய தொகுப்பு ஒன்றை இயற்றியது, 2025 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. ஏட்டிலே சட்டம் வளர்ந்துகொண்டே வருகிறது. ஏணியிலே ஏறும் மனிதனின் நிலை?

2025 செப்டம்பர் 30-ஆம் நாள், எண்ணூரில், அனல் மின் நிலையக் கட்டுமானத்தில் உயரத்தில் நின்று வேலை செய்தவர்கள், சாரம் சரிந்து விழுந்து, ஒன்பது பேர் மாண்டனர். பிழைப்புத் தேடி வடகிழக்கிலிருந்து வந்தவர்கள். அவர்கள் மொழி நமக்குத் தெரியாது. நம் மொழி அவர்களுக்குத் தெரியாது. எச்சரிக்கைப் பலகை எந்த மொழியில் இருந்தாலென்ன, படிக்கத் தெரியாதவனுக்குப் பலகை வெறும் தகரம். இந்தித் திணிப்பை எதிர்ப்போம், உயிர் கொடுத்தும் எதிர்ப்போம். அதனாலேயே, வந்த தொழிலாளிக்கு அவன் தாய்மொழியில் ஆபத்தைச் சொல் என்று கேட்கும் உரிமை நமக்குத்தான் முதலில் உண்டு. தாய்மொழியின் அருமை அறிந்தவர் அல்லவா நாம்!

இனி இந்த நாட்டின் தனி வேடிக்கையைப் பாருங்கள். உயர்ந்த சாதி, தாழ்ந்த சாதி என்று வகுத்தார்களே, உயரத்தில் ஏறுபவன் எந்தச் சாதி? பனை ஏறியவன் யார்? கோபுரத்துக்குச் சாரம் கட்டியவன் யார்? கோபுரத்தைக் கட்டி முடிக்கும் வரை உச்சியில் அவனைத்தான் ஏற்றினார்கள். கட்டி முடித்துக் குடமுழுக்குச் செய்யும் நாளில் உச்சியில் யார் ஏறினார்? ஆபத்து இருக்கும்போது அவன் உயரே, ஆராதனை நடக்கும்போது அவன் வெளியே! தாழ்த்தப்பட்டவனை உயரத்தில் ஏற்றிச் சாகடித்து, அவன் விழுந்ததற்கு முற்பிறவிப் பாவம் என்று காரணமும் சொல்லும் தந்திரம் உலகில் வேறெங்கும் உண்டோ?

பாம்பனுக்கே திரும்புவோம். 2024 நவம்பரில் இரயில்வே பாதுகாப்பு ஆணையர் புதிய பாலத்தை ஆராய்ந்தார். வடிவமைப்பிலும் செயல்முறையிலும் குறைகளைச் சுட்டினார், அரிப்பைப் பற்றி எச்சரித்தார். பாலத்தில் 75 கிலோமீட்டர், தூக்குப் பகுதியில் 50 கிலோமீட்டர், அதற்கு மேல் வேகம் கூடாது என்றார். இரயில்வே நிர்வாகம் மறுமொழி கூறியது, ஆராயக் குழு அமைத்தது. நாடே அதைப் பற்றிப் பேசியது. இது அறிவு வழி. கேள்வி, சோதனை, நிபந்தனை, விடை. யாரும் அந்த அறிக்கையில் ‘இறைவன் காப்பான்’ என்று எழுதவில்லை!

நாம் கேட்பது அதே அறிவு வழியைத்தான். இரயிலுக்கு ஒரு நீதி, இரயில் பாலத்தில் ஏறுபவனுக்கு ஒரு நீதியா? வண்டி எவ்வளவு வேகத்தில் போகலாம் என்று நாட்டுக்கு அறிவிக்க முடிந்தது. காற்று எவ்வளவு அடித்தால் ஆள் மேலே ஏறக்கூடாது என்பதையும் பாலத்தின் வாசலிலே எழுதி வைக்கட்டும். மேலே ஆள் இருக்கும்போது எந்திரத்தின் மின் இணைப்பைப் பூட்டி, சாவியை ஏறுபவனிடமே கொடுக்கட்டும். அவன் இறங்கி வந்து திறந்தால் ஒழியப் பாலம் அசையக் கூடாது. வடம், கப்பி, ஏணி, கொக்கி ஒவ்வொன்றும் சோதிக்கப்பட்ட நாளை, பஞ்சாங்கத்தில் திதி குறிப்பது போல, எவரும் காணும்படி எழுதட்டும். ‘இன்று ஏறமாட்டேன், ஆபத்து’ என்று சொல்லும் உரிமை ஒப்பந்தக் கூலிக்கும் இருக்கட்டும். அப்படிச் சொன்னதற்காக அவன் கூலியில் ஒரு காசும் குறையாதிருக்கட்டும். பாம்பனில் மட்டுமல்ல, மண்டபம் முதல் சென்னை வரை, கிரேனும் கூடையும் லிப்ட்டும் சாரமும் உள்ள இடமெல்லாம் இதுவே நடக்கட்டும்.

இளைஞரே! உங்கள் ஊரில் மனிதனைத் தொங்கவிட்டுக் கிரேன் கிளம்பினால் நடுவே நின்று தடுங்கள். ‘சாமி காரியம்’ என்பார்கள். சாவுக் காரியம் என்று சொல்லுங்கள். கட்டிடத்தில் எவரேனும் விழுந்தால், துக்கம் கேட்டுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். எந்த உயரம், என்ன தடுப்பு, யார் ஏறச் சொன்னது, கொக்கியை எங்கே மாட்டியிருந்தான் என்ற நான்கு கேள்விகளையும் கேளுங்கள். கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை அதிகாரியிடம் கொடுங்கள். ‘விதி’ என்று வாய் திறப்பவரிடம், அதே விதியை நம்பி அவரை ஒருமுறை பெல்ட் இல்லாமல் ஏறச் சொல்லுங்கள். அவர் ஏறமாட்டார்! தன் உயிர் என்று வரும்போது வைதீகனும் பகுத்தறிவாளனே!

பாம்பனில் நாளையும் தூக்குப்பாலம் எழும்பும். கப்பல் கடக்கும். கை தட்டுங்கள். தட்டிவிட்டு, கண்ணை இன்னும் கொஞ்சம் மேலே உயர்த்துங்கள். அங்கே ஒருவன் நிற்கிறான். அவன் மாலையில் வீடு திரும்புவது இறைவன் கையில் இல்லை. ஒரு கயிற்றில் இருக்கிறது, ஒரு கொக்கியில் இருக்கிறது, ஒரு பூட்டில் இருக்கிறது. அவற்றைக் கேட்டு வாங்கித் தரவேண்டிய நம் கையில் இருக்கிறது.